தலைமாட்டு முடிச்சு

திரையின் கீழ் ஓரம் நனைந்திருந்தது.

மர்ளியா கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் கண்டது அதைத்தான். கச்சான் காற்று மூன்று மாதமாக எத்தாளை ஊரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. தோட்டக் கிணறுகளில் வாளி தரை தட்டியது, வேலியோரத்துப் பூவரசுகூட இலை சுருண்டு நின்றது. அப்படிப்பட்ட காலத்தில், ஒரு பொட்டு ஈரமில்லாத கருவாட்டு வாடிக் கொட்டிலுக்குள், கூரை வளையிலிருந்து இறக்கிக் கட்டிய வெள்ளைத் துணியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நீர் ஊறிக் கறுத்திருந்தது. வாசல் வழியாக வந்த காற்றில் பெண்களின் முந்தானைகள் படபடத்தன. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் தொங்கவிட்டிருந்த பழைய வலை ஆடியது. திரை மட்டும் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அது விறைப்பாக நின்றது.

“மதினி, அந்தத் துணிய யாரும் கழுவினாங்களா?”

“கழுவ எங்க தண்ணி இரிக்கி?” என்றாள் நிஸ்மியா. மர்ளியாவின் கணவன் தாஹிருக்கு அவள் ராத்தா, மூத்தவள். “நீ தச்சுக் குடுத்த மாதிரியேதான் கொண்டுவந்து கட்டினாங்க. பேசாம இரி புள்ள, படம் போடப் போறாங்க.”

ஓம், தைத்துக் கொடுத்தவள் மர்ளியாதான். ஊரில் பிணத்துக்குச் சுற்றும் கபன் புடவை வெட்டிக் கொடுப்பவளும் அவள்தான். யார் மௌத்தானாலும் அவள் வாசலுக்கு ஆள் வரும். அலுமாரியின் மேல் தட்டில் அதற்கென்றே ஒரு கட்டு வெள்ளைத் துணி எப்போதும் இருக்கும். படம் காட்டப் பெரிய வெள்ளைத் துணி வேண்டும் என்று கேட்டபோது, அந்தக் கட்டிலிருந்துதான் நாலு கீற்று வெட்டிச் சேர்த்துத் தைத்தாள். மௌத்தானவரின் மையத்துக்குச் சுற்றும்வரைக்கும் அது வெறும் புடவைதானே என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் படம் பார்க்க வந்தவள் அல்ல. மாமியார் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் வந்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். தாஹிருக்குத் தான் போட்ட கட்டுகளை அவிழ்த்தார்களா, இல்லையா?

யுத்தம் முடிந்து ஆறேழு வருசமாகி, கற்பிட்டிப் பக்கம் வெளியாட்கள் பயமில்லாமல் வந்துபோகத் தொடங்கிய காலத்தில் வந்து சேர்ந்தவன் றொபின்சன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்த பையன். கமராவும் ஏழெட்டுக் கூட்டாளிகளுமாக வந்தான். படத்தின் பெயர் ‘பொதி’. மூன்று திருடர்கள் தங்கள் முதலாளியைத் தவறுதலாகக் கொன்றுவிடுகிறார்கள். நேவிக்காரனின் கண்ணில் படாமல் பிணத்தைக் கடற்கரை வழியே கொண்டுபோய் எறிவதற்காக, அதை அடக்கத்துக்குப் போகிற ஜனாஸா மாதிரிக் கபனிட்டுத் தூக்குகிறார்கள். ஆனால் எறிய முடிகிறதா? எந்த ஊரைத் தாண்டினாலும் ஜனாஸா போகிறது என்று நாலு பேர் ஓடிவந்து தோள் கொடுக்கிறார்கள். நன்மை தேடி வருகிறவனை எந்தத் திருடன்தான் விரட்டுவான்? கேட்டவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கதை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. மையத்தை வைத்துப் பகிடியா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் பிழையில்லை.

பிணமாகப் படுக்க ஆள் தேடியபோது தாஹிரைக் காட்டிக் கொடுத்தது ஊர்தான். தாஹிர் கடலட்டைக்குக் குளிக்கிறவன். ஒரு மூச்சில் கடலடிக்குப் போய், அட்டை பொறுக்கி, சாவகாசமாக மேலே வருவான். அவனைப் படுக்கவைத்து முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்தால் நெஞ்சு ஏறி இறங்காது. றொபின்சன் அவனைக் கட்டிப்பிடித்தானாம்.

கபன் கட்டுவது அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அதற்கு மர்ளியாவைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குக் கபனா, என்னால் ஏலாது என்று அவள் கையை உதறினாள். தாஹிர் விடவில்லை.

“பிழையாக் கட்டினா ஊருல கடசிவரைக்கும் என்னையத்தான் சிரிப்பாங்க. வா புள்ள. நீ கட்டினா எனக்கு மனசும் நல்லம்.”

கட்டினாள். தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. கபன் கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்கிற சுருக்காகத்தான் போடவேண்டும். கப்றுக் குழிக்குள் இறக்கியதும் அவிழ்த்துவிட வேண்டும் அல்லவா? கட்டோடு யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் அன்றைக்குத் துணிக்குள்ளே இருந்து அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: “இறுக்கிக் கட்டு. நடுவழியில அவிழ்ந்து விழுந்தா ஒன்ட மாப்புளட மானம்தான் போகும்.” அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றையும் ரெட்டை முடிச்சாகப் போட்டு, காலை ஊன்றி இழுத்து இறுக்கிவிட்டு, அடுப்பில் உலை இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அவன் வந்ததும் கேட்டாள்: “கட்ட அவிழ்த்தாங்களா?”

“ஓம் ஓம், அவிழ்த்தாங்க.” தாஹிர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அன்றிரவிலிருந்து அவன் நேராகப் படுக்கத் தொடங்கினான். அதுவரை பாய் முழுக்க உருளுகிறவன். இப்போது மல்லாந்து, கால் இரண்டையும் சேர்த்து, கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்தபடி விடியும்வரை கிடந்தான். நாற்பதாம் நாள் கடலுக்குப் போனான். கூடப் போன றிஸ்மின்தான் வந்து சொன்னான்.

“தண்ணி தெளிவா இரிந்திச்சு ராத்தா. மேல இரிந்து பாத்தா நல்லாத் தெரியும். அடியில நிண்டாரு. காலு ரெண்டையும் சேத்து வச்சி, கையப் பக்கத்துல ஒட்டி வச்சி நிண்டாரு. நீந்தவே இல்ல. கட்டிப் போட்ட மாதிரி நிண்டாரு. நான் குதிக்கங்குள்ள சேறு கலங்கிட்டுது.”

உடல் கிடைக்கவில்லை. இல்லாத உடலுக்குத் தொழுகை நடத்தினார்கள். மர்ளியா விதவைக்குரிய இத்தா இருந்து முடித்தாள். ஊர் மறந்தாலும் அவள் அந்த முடிச்சை மறக்கவில்லை. கட்டு அவிழாமல் ஒருவன் எங்கே போவான்?

ஒரு வருசம் கழித்து, இன்று மூன்று மணிக்குப் படத்தைப் போட்டார்கள். நிர்வாகம் மூன்று நிபந்தனை வைத்திருந்தது: ஆண் பெண் தனித்தனி, நோட்டீஸ் ஒட்டக்கூடாது, தொழுகைக்குப் பாங்கு சொன்னால் படத்தை நிறுத்த வேண்டும். வாடியின் இடுக்குகளுக்கெல்லாம் தறப்பாள் கட்டி வெயிலை அடைத்திருந்தார்கள். வெளியே ஜெனரேட்டர் உறுமியது. உள்ளே பழைய உப்பும் மீன் எண்ணெயும் கலந்த வாடை, அதற்கு மேல் பெண்களின் பவுடர் வாசம், அதற்கும் அடியில், இன்னும் யாரும் கவனிக்காத, அட்டை அவிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் வருமே, அந்தக் கடலடிச் சேற்றின் குளிர்ந்த நாற்றம்.

தாஹிர் திரையில் வந்ததும் வாடி அதிர்ந்தது. “நம்மட தாஹிரு!” என்று ஆண்கள் கத்தினார்கள். நிஸ்மியா விம்மிவிட்டாள். மீன் வாடி முதலாளியாகக் கோட்டுப் போட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தான். ஐஸ் கட்டி ஏற்றுகிற மூன்று பேரின் கை நழுவி, ஒரு முழுக் கட்டியும் அவன் மண்டையில் விழுந்தது. செத்தது தெரியாமல் அவர்கள் அவனிடம் லீவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி பேசாமல் இருக்கிறார், அப்படியென்றால் சம்மதம்தான் என்று ஒருவன் கும்பிட்டான். வாடி விழுந்து விழுந்து சிரித்தது. மர்ளியாவுக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவன் இருந்தபோது அவர்கள் வீடும் இப்படித்தான் இருந்தது.

அப்போது அஸருக்குப் பாங்கு சொன்னது.

றொபின்சன் படத்தை அப்படியே நிறுத்தினான். ஆண்கள் எழுந்து தொழப் போனார்கள். அவன் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிந்தார்கள். திரையில் தாஹிரின் முகம் மட்டும் நின்றது. ஒரு ஆள் உயரமுள்ள முகம். மூடிய கண்கள். நெற்றியில் பூசிய பொய் இரத்தம்.

மர்ளியாவும் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

இமைக்குக் கீழே என்னமோ உருண்டது. நித்திரையில் கனவு காண்கிறவனின் கண் உள்ளே உருளுமே, அதுமாதிரி ஒருமுறை இடமிருந்து வலமாக. இன்னொருமுறை. மூக்குத் துவாரத்திலிருந்து ஒரு துளி நீர் திரண்டு, மேலுதட்டைத் தாண்டி, நாடியைத் தாண்டி, முகம் முடிந்த பிறகும் நிற்காமல், வெறும் துணியில் கோடு இழுத்துக்கொண்டு இறங்கி, கீழே ஏற்கனவே நனைந்திருந்த ஈரத்தோடு போய்ச் சேர்ந்தது.

பாங்கு சத்தம் கேட்டால் சைத்தான் ஓடிவிடும் என்று குர்ஆன் ஓதப் போன காலத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாங்கு முடியவில்லை. அப்படியானால் ஓடாமல் நிற்கிற இது என்ன? சைத்தான் இல்லை என்று தெரிந்தது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

“மதினி, அங்க பாருங்க.”

நிஸ்மியா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எவ்வளவு வடிவா இரிக்கிறான் என்ட தம்பி,” என்றாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். படம் ஓடியது. கபனிடுகிற இடம் வந்தது. திருடர்கள் துணியை எப்படிச் சுற்றுவதென்று தெரியாமல் தங்களையே சுற்றிக்கொண்டு விழுந்தார்கள். பிறகு இரண்டு கைகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. மெலிந்த பெண் கைகள். இடது மணிக்கட்டில் சூட்டுக் காயம்.

மர்ளியா தன் இடது கையை மடிக்குள் மறைத்தாள்.

அவள் கட்டுவதைப் படம் பிடிக்கமாட்டோம் என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள். பிடித்திருக்கிறார்கள். வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். “ஒன்ட கையா புள்ள அது?” என்றாள் நிஸ்மியா, தாழ்ந்த குரலில். திரையில் அவளுடைய கைகள் தலைமாட்டு முடிச்சைப் போட்டன. இடதின் மேல் வலது. மறுபடியும் இடதின் மேல் வலது. இழுத்து இறுக்கின. துணிக்குள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. வாடியில் எல்லோரும் அதோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக ஜனாஸா போனது. முதல் ஊரில் செத்தவர் பெயர் கேட்டால் ஒரு பெயர். இரண்டாம் ஊரில் வேறொரு பெயர். மூன்றாம் ஊரில் பதறிப்போன திருடன் தன் சொந்தப் பெயரையே சொல்லிவிட, அந்த ஊரில் இருந்த அவன் மாமி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சிரிப்பு அலை அலையாக எழுந்தது. மர்ளியா பொதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் மாறினார்கள், தோள்கள் மாறின, வெயில் மாறியது. முடிச்சு மாறவில்லை.

அஞ்சு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. அதைத் திருத்த ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மறுபடி போட்டுக் கொஞ்ச நேரத்தில் மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லப்போகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். படத்தை நிறுத்தினான் றொபின்சன். பத்து நிமிடப் படம் மிச்சம். தொழுதுவிட்டு வந்து பார்ப்போம் என்று ஆண்கள் போனார்கள். பெண்களும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தொழுதுவிட்டு வருவோமென்று எழுந்தார்கள்.

“நீ வரல்லையா?”

“நீங்க போங்க மதினி. நான் இந்தத் தம்பிட்ட ஒண்டு கேக்கணும்.”

வாசலில் வெறும் பெட்ரோல் கலனோடு நின்ற றொபின்சனிடம் போனாள். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. அந்தக் கட்ட அவிழ்க்கிற இடம் படத்துல வருதா?”

றொபின்சன் தலையைச் சொறிந்தான். “இல்லையக்கா. அண்டைக்கு முடிச்சு நல்லா இறுகிப்போச்சு. எவ்வளவு பாத்தும் அவிழேல்ல. கடைசியில துணியப் பக்கவாட்டில வெட்டி அவரை வெளியில எடுத்தனாங்கள். அதுக்குள்ள வைக்கோல் அடைச்சு, தைச்சு, கடலுக்கை எறிஞ்சு படம் எடுத்தம். அதுதான் கடைசிக் காட்சி.”

“முடிச்சு?”

“அப்பிடியே இருந்தது. ஏனக்கா? அவர் ஒண்டும் சொல்லேல்லையே. மர்ளியாட்டச் சொல்லாதேங்கோ எண்டு மட்டும் சொன்னவர்.” பெட்ரோல் எடுத்துவர வேண்டும் என்று அவன் தார்ரோட்டுப் பக்கம் நடந்தான்.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெளியே பள்ளி ஒலிபெருக்கி கொறகொறத்தது. பாங்கு தொடங்கியது.

திரையில் கடற்கரை. மூன்று திருடர்கள் வாயைத் திறந்து சிரித்தபடி உறைந்து நின்றார்கள். அவர்களின் காலடியில், ஈர மணலில், பொதி கிடந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக் குனிந்தாள். வெறுங்கதிரைகள் காற்றில் கிரீச்சிட்டன. சொட்டு. எங்கோ நீர் சொட்டியது. இன்னொரு சொட்டு. அவள் நிமிர்ந்தாள்.

பொதி எழுந்து உட்கார்ந்திருந்தது.

திருடர்கள் அசையவில்லை. அலை அசையவில்லை.

அவள் கண்ணை மூடினாள். பாங்கின் அடுத்த அடி முடியும்வரை மூடியே வைத்திருந்தாள். திறந்தாள்.

நின்றது. மூன்று பேருக்கும் முன்னால், காலைச் சேர்த்து, கையை ஒட்டி, நேராக. ஒரு ஆள் உயரம். தாஹிரின் உயரம்.

பயந்தாளா? பயந்தாள். ஆனால் பயத்துக்கும் மேலே இன்னொன்று இருந்தது. நான் கட்டினேன். நான்தான் அவிழ்க்க வேண்டும். அவள் நடந்தாள். கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஒளிக்குக் குறுக்கே வந்ததும் அவளுடைய நிழல் திரையில் விழுந்து திருடர்களை மறைத்தது, கடலை மறைத்தது. அந்த வெள்ளை உருவத்தை மட்டும் மறைக்கவில்லை.

குந்தினாள். கால்மாட்டு முடிச்சில் கையை வைத்தாள். துணியில் விழுந்த படத்தைத்தான் தொடப்போகிறோம் என்று நினைத்தாள். விரலில் பட்டது முடிச்சு. ஈரமான, பருத்த, பாசி பிடித்த முடிச்சு. அவளுடைய முடிச்சு. நகம் ஒடிந்தது. பல்லைக் கொடுத்தாள். வாய் முழுக்க உப்பு. அவிழ்ந்தது.

எழுந்தாள். இடுப்பு. இடதின் மேல் வலது, மறுபடி இடதின் மேல் வலது. அது கொஞ்சம் இலகுவாக வந்தது. அவிழ்ந்ததும் உள்ளே இரண்டு கைகளும் மெல்ல, ஒரு வருசத்து விறைப்பை விடுவித்துக்கொண்டு, பக்கத்திலிருந்து விலகுவதை உணர்ந்தாள்.

“இன்னும் ஒண்டுதான்,” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். “இன்னும் ஒண்டுதான் மாப்புள.”

பாங்கு முடிந்தது. வெளியே ஜெனரேட்டர் இருமியது. நின்றது.

இருட்டு.

அவள் கையை உயர்த்தித் தடவினாள். எட்டவில்லை. தலைமாடு உயரத்தில் இருந்தது. நுனிக்காலில் நின்றாள். விரல் நுனி முடிச்சின் அடியைத் தொட்டது, அவ்வளவுதான். அவளுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், துணி உள்ளிழுத்தது. வெளியே தள்ளியது. மூச்சு. வெகுநேரம் அடக்கிய மூச்சு. சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது.

பிறகு அது குனிந்தது.

அவளுக்கு எட்டட்டும் என்று குனிந்தது. முடிச்சு தானாக இறங்கி அவளுடைய உள்ளங்கைக்குள் வந்து நின்றது. ஈரமாய், கனமாய், பொறுமையாய்.

மர்ளியா ஓடினாள்.

கதிரைகள் சரிந்தன. வாசலில் வந்துகொண்டிருந்த நிஸ்மியாவின் மேல் போய் மோதினாள். “என்ன புள்ள, என்ன?” அவளை நிஸ்மியா அணைத்துக்கொண்டு வந்து அதே கதிரையில் உட்காரவைத்தாள். தாஹிரை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சோடாப் போத்தலை நீட்டினாள். ஆண்கள் வந்து நிறைந்தார்கள். றொபின்சன் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் பிடித்தது. வெளிச்சம் வந்தது.

கடற்கரை. மணலில் பொதி. எல்லாம் முதலில் இருந்த மாதிரியே. ஒருவேளை எல்லாம் என் மண்டைக்குள் நடந்ததுதானோ? ஒடிந்த நகத்தைப் பார்த்தாள். வாயில் உப்பு இன்னும் கரித்தது.

திருடர்கள் பொதியைத் தூக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வீசினார்கள். அலை அதை வாங்கித் திருப்பிக் கரைக்கே தள்ளியது. மறுபடி வீசினார்கள். மறுபடி தள்ளியது. வாடி சிரித்து உருண்டது. நாலாம் தரம் கடல் எடுத்துக்கொண்டது. மூவரும் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். வெறுங்கடல். கைதட்டல்.

“முடிஞ்சுது!” என்று சொல்லிக் கணினியை மூடினான் றொபின்சன்.

கடல் திரையிலேயே இருந்தது.

அலைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்தது. நடந்து வந்தது. கால்கள் இப்போது தனித்தனியாக இருந்தன. கைகள் முன்னால் நீண்டு காற்றைத் துழாவின. தலை மட்டும் மூட்டையாகக் கட்டியபடி இருந்தது.

“அட, மையத்து எழும்பிட்டுதுடா!” என்று ஒருவன் கத்தினான். வெடித்தது சிரிப்பு. அது ஒரு நங்கூரத்தில் இடறி விழுந்து, தடவி எழுந்தது. பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கைதட்டினார்கள். கண்ணில்லாமல் வலப்பக்கம் தடவியது. இடப்பக்கம் தடவியது. பெண்கள் பக்கம் திரும்பியது. நின்றது.

மர்ளியா றொபின்சனைப் பார்த்தாள். மூடிய கணினியின் மேல் கையை வைத்தபடி அவன் வாய் பிளந்து நின்றான். பிறகு பாய்ந்து புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினான். ஒளிக்கற்றை அணைந்தது. வாடி இருண்டது.

திரையில் அது அணையவில்லை.

வந்துகொண்டிருந்தது. பெரிதாகியது. திரை முழுக்க நிறைந்தது. இரண்டு உள்ளங்கைகள் துணியில் பதிந்தன. துணி வெளியே புடைத்தது.

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. இரண்டாம் வரிசையில் நின்றது.

திரையின் நனைந்த ஓரம் மெல்ல உயர்ந்தது. அதன் அடியால் பத்து விரல்கள் வெளியே வந்தன. வெகுகாலம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். தரையைத் துழாவின. பெண்கள் பக்கமாகத் துழாவிக்கொண்டு வந்தன. அவற்றுக்குப் பின்னால், தாழக் குனிந்து, தலைமாட்டு முடிச்சு வந்தது. இடதின் மேல் வலது. மறுபடி இடதின் மேல் வலது. அது அவளுடைய காலடியில் வந்து, அவிழ்க்கத் தோதாக, நின்றது.

பின்வரிசையில், முன்னால் நடப்பது தெரியாத யாரோ ஒருவர் மட்டும் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்.